இருவாச்சிக்கு முகவரி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு பதிப்பில் வாசகர்கள் அனுப்பும் படங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். கடையில் பத்திரிகை வாங்கியதும் நான் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். சென்ற ஞாயிறு அதில் ஓர் இருவாச்சிப் பறவையின் படம் வந்திருந்தது. பெரிய மரம். மரத்தில் ஒரு பொந்து. பொந்தின் வாயை மண்ணால் பூசி அடைத்து நீளமாக ஒரு பிளவு மட்டும் விட்டிருக்கிறது. பிளவுக்குள்ளிருந்து பெட்டையின் அலகு நுனி எட்டிப் பார்க்கிறது. வெளியே சேவல் பழத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. எடுத்த தம்பிக்குப் பொறுமையும் இருக்கிறது, நல்ல கண்ணும் இருக்கிறது. படத்தை என் மனைவியிடமும் காட்டினேன்.

அப்புறம்தான் கீழே இருந்த வரியைப் படித்தேன். தோட்டத்தின் பெயர், எத்தனையாவது மைல் கட்டை, கோயிலுக்குப் பின்புறம் எந்தப் பாதையில் போனால் அந்த மரம் வரும் என்பது வரைக்கும் அச்சிட்டிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

இருவாச்சியின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அந்த வரி எவ்வளவு ஆபத்தானது என்று புரியும். பெட்டை பொந்துக்குள் போய் உட்கார்ந்ததும் வாசலை மண்ணும் எச்சமும் பழச் சக்கையும் சேர்த்து அடைத்துக்கொள்கிறது. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு ஓரளவு வளரும் வரை வெளியே வராது. ஏறக்குறைய மூன்று மாதம் அதற்கும் குஞ்சுகளுக்கும் சோறு போடுவது அந்த ஒரு சேவல்தான். மரத்தடியில் பத்துப் பேர் கேமராவோடு நின்றால் சேவல் கிட்டே வராமல் எங்கோ கிளையில் உட்கார்ந்திருக்கும். உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். குஞ்சை எடுத்து விற்கிறவன் வந்துவிட்டாலோ, அவனுக்கு ஏணியும் அரிவாளும் இருந்தால் போதும். மரத்தைத் தேடி அலைகிற வேலையை நாம் அச்சடித்த வரி மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டது.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி, அதாவது தோட்ட அலுவலக எழுத்தர். பிறந்தது ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், 1956இல். வேலை பார்த்தது ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலத்தில். இப்போது குடியிருப்பது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஒரு தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டில். வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு அடி நீளம், எட்டடி அகலத்துக்குக் கூண்டு கட்டியிருக்கிறேன், ஆள் உள்ளே நுழைந்து நிமிர்ந்து நிற்கலாம். அதில் ஜீப்ரா ஃபிஞ்ச் பதினெட்டும் பெங்காலீஸ் ஃபிஞ்ச் ஆறும் இருக்கின்றன. 1998இல் ஈப்போவில் இரண்டு ஜோடி வாங்கி வந்தேன். இன்றைக்கு இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த இரண்டு ஜோடியின் வழிவந்தவை. இடையிடையே ரத்தம் மாறுவதற்காக வேறு வளர்ப்பாளர்களிடம் சேவலை மாற்றிக்கொள்வேன்.

காலை ஆறரைக்கு நான் கூண்டுக்குள் போகும்போதே சத்தம் தொடங்கிவிடும். தினையும் சாமையும் கலந்து வைப்பேன். கங்கோங் கீரை, வெள்ளரித் துண்டு, வாரத்தில் இரண்டு நாள் வேகவைத்த முட்டையை ஓட்டோடு மசித்துக் கொடுப்பேன். சுண்ணாம்புச் சத்துக்குச் சோத்தோங் (கணவாய்) ஓடு கம்பியில் கட்டித் தொங்கும். மீன் சந்தையில் எனக்கென்றே அதை எடுத்து வைக்கும் ஒரு சீன அம்மா உண்டு. அரை அங்குலக் கம்பி வலைதான் போட்டிருக்கிறேன். அதைவிடப் பெரிய கண் வைத்தால் எலி நுழையும், எலிக்குப் பின்னால் பாம்பு நுழையும். ஒரு முறை அப்படி ஆகி ஒரே இரவில் ஐந்து குருவியை இழந்தேன்.

ஜீப்ரா ஃபிஞ்ச் நான்கிலிருந்து ஆறு முட்டை வரை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்கார்ந்து பன்னிரண்டு, பதினான்கு நாளில் பொரிக்கும். மூன்று வாரத்தில் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். தொடக்கத்தில் ஆசை தாங்காமல் கூடைக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். இரண்டு முறை முட்டையை அப்படியே விட்டுவிட்டுத் தாய் வேறு கூடைக்குப் போனது. கையால் தீனி வாங்கித் தின்கிற, தலைமுறை தலைமுறையாய் மனிதனோடு இருக்கிற பறவைக்கே இப்படியென்றால் காட்டுப் பறவைக்கு எப்படி இருக்கும்?

பாடுவது சேவல் மட்டும். கன்னத்தில் ஆரஞ்சு நிறம் இருப்பதுதான் சேவல். குஞ்சுச் சேவல் தகப்பன் பாடுவதைக் கேட்டுக் கேட்டு, முதல் மூன்று மாதத்துக்குள் அந்தப் பாட்டைத் தன் பாட்டாக ஆக்கிக்கொள்ளும். என் கூண்டில் ஒரு சேவல், பாட்டின் கடைசியில் கொஞ்சம் இழுத்து முடிக்கும். அது செத்து ஏழு வருடமாகிறது. அந்த இழுப்பு இன்னும் கூண்டில் கேட்கிறது.

சரி, தவற்றுக்கு வருகிறேன்.

ஓய்வு பெற்றபோது பிள்ளைகள் சேர்ந்து எனக்கு நிக்கோன் பி900 கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். தூரத்தில் இருப்பதை 83 மடங்கு இழுத்துக் காட்டும். மகள் முகநூலில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தாள். முதலில் என் ஃபிஞ்ச் படங்களைப் போட்டேன். அதன்பின் செம்பனைத் தோட்டத்துக் கூகை, சதுப்பு நிலத்து நாரை, மீன்கொத்தி என்று ஊரைச் சுற்றிப் பார்த்ததையெல்லாம் போட ஆரம்பித்தேன். பலர் பாராட்டினார்கள். வெளியூருக்குப் போய்விட்ட பழைய தோட்டத்துப் பிள்ளைகள், "ஐயா, இந்தக் குருவியை நாங்க சின்ன வயசுல பார்த்திருக்கோம்" என்று எழுதுவார்கள். அது எனக்குப் பெரிய சந்தோஷம்.

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்ட 2020இல் ஆற்றோரம் ஆளில்லாமல் கிடந்தது. அந்த அமைதியில்தான் நான் அந்தப் பாட்டைக் கேட்டேன். சிறு வயதில் அப்பாவோடு மீன் பிடிக்கப் போனபோது கேட்ட பாட்டு. மலாயில் பாராவ்-பாராவ் என்பார்கள். நம் கொண்டைக்குருவி இனத்திலேயே பெரியது, ஓர் அடி நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. தலை வைக்கோல் நிறத்தில் இருக்கும், அலகிலிருந்து கீழே மீசை வரைந்ததுபோல் கறுப்புக் கோடு. ஒன்று எடுத்துக் கொடுக்க, மற்றது தொடர்ந்து பாடும். நாதஸ்வரத்தில் இரண்டு பேர் மாறி மாறி வாசிப்பதுபோல் இருக்கும். ஐம்பது வருடம் கழித்து அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது.

ஒன்றரை வருடம் அந்த ஜோடியைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. 2022 பிப்ரவரியில் ஒரு நாள் இரண்டும் ஒரே கிளையில் உட்கார்ந்து பாடியதை நாற்பது விநாடி காணொளியாக எடுத்தேன். அன்று மாலையே போட்டுவிட்டேன். பறவை வளர்ப்பவர்கள் குழு ஒன்றில் யாரோ அதைப் பகிர்ந்தார்கள். "எங்கே ஐயா இது?" என்று பலர் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் மரியாதையாகப் பதில் எழுதினேன். எந்தக் கட்டையில் திரும்ப வேண்டும், பாலத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கூட எழுதினேன். ஜோடி என்ன விலை போகும் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். காட்டுப் பறவையை விற்கக் கூடாது என்று அவருக்கு அறிவுரை சொன்னேன். அப்போதே என் பதிவை நீக்கியிருக்க வேண்டும்.

மூன்று வாரம் போயிருக்கும். ஆற்றோரம் பாக்கு என்னும் பெரணிக் கீரை பறிக்கப் போகும் ஓர் அம்மா வீட்டு வாசலில் நின்று, "ஐயா, உங்க கூட்டாளிங்க வந்திருந்தாங்களே, பார்த்தீங்களா? ரெண்டு பேரு, காடியில கூண்டு வெச்சிருந்தாங்க. உங்களைத் தெரியும்னாங்க, பாதை காட்டி விட்டேன்" என்றார். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். மூங்கில் கழிகள் இரண்டு நட்டிருந்தன. ஒன்றில் கிழிந்த மெல்லிய வலை தொங்கியது. கிளையில் பிசின் தடவிய குச்சிகள். பதிவு செய்த பாட்டைப் போட்டுக் காட்டிக் குருவியைக் கிட்டே இழுத்திருப்பார்கள். ஒருவேளை அது என் காணொளியின் பாட்டாகவே இருந்திருக்கலாம். அந்த எண்ணம் இன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அதற்குப் பிறகு எத்தனையோ காலை போய் நின்றுவிட்டேன். அங்கே வேறு குருவிகள் பாடுகின்றன. அந்தப் பாட்டு இல்லை.

பின்னால்தான் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். தாய்லாந்துக் காடுகளிலும் ஜாவாவிலும் இந்தப் பறவை இல்லாமலேயே போய்விட்டது. வாழிடம் அழிந்ததைவிடக் கூண்டுக்காகப் பிடித்ததே முதல் காரணம். 2018இல் இதை அழிவின் விளிம்பில் உள்ள பறவைகளின் பட்டியலில் சேர்த்தார்கள். சிங்கப்பூரில் மட்டும் சில நூறு பாதுகாப்பாக இருக்கின்றன. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய, அருகிவரும் உயிர்களின் அனைத்துலக வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் மாநாட்டில், மலேசியாவும் சிங்கப்பூரும் முன்னின்று கேட்டு, இதை முதல் பட்டியலில் ஏற்றினார்கள். அனைத்துலக வாணிபம் முழுக்கத் தடை. என் ஜோடி போய் ஒன்பது மாதம் கழித்து.

சட்டம் நம் நாட்டிலும் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 2022இல் திருத்தி அபராதத்தைப் பத்து லட்சம் வெள்ளி வரை உயர்த்தினார்கள். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் வலை கட்டுகிறவன் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து எட்டு மணிக்குப் போய்விடுகிறான். அவன் வருவதற்கு முன்பே அவனைத் தடுக்கக்கூடியவர்கள், இடத்தைச் சொல்லாமல் இருக்கிற நாம்தான்.

படம் எடுத்த தம்பி மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அவர் ஏன் தோட்டத்தின் பெயரை எழுதினார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நம் தோட்டங்கள் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன. துண்டாடி விற்றார்கள், வீடமைப்பு வந்தது, லயத்தை இடித்தார்கள். எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, தோட்டம் கைமாறும்போது பால்மரம் வெட்டியவர்கள் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். அப்படியும் எவ்வளவோ தோட்டம் பெயர் தெரியாமல் மறைந்துவிட்டது. நான் பிறந்த தோட்டத்துக்கு இன்றைக்குப் பெயர்ப்பலகை கூடக் கிடையாது. அதனால் நம்மவர்கள் எங்கே எதைப் போட்டாலும் முதலில் தோட்டத்தின் பெயரைப் போடுவார்கள். கல்யாணப் பத்திரிகையில் போடுவார்கள், இரங்கல் செய்தியில் போடுவார்கள். என் காணொளிக்குக் கீழேயும் நான் அந்தப் பெருமையில்தான் போட்டேன். எங்கள் ஆற்றங்கரையில் இன்னும் இப்படி ஒரு பறவை பாடுகிறது என்று உலகத்துக்குச் சொல்ல ஆசைப்பட்டேன்.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஊரின் பெயரைப் போடும் உரிமையைக் கொஞ்ச நாள் விட்டுக்கொடுங்கள் என்று கேட்கிறேன். கோயில் திருவிழாவுக்குப் போடுங்கள், தமிழ்ப்பள்ளிப் போட்டிக்குப் போடுங்கள், நூறு வயதுப் பாட்டிக்குப் போடுங்கள். கூட்டுக்கு மட்டும் வேண்டாம். 'பேராக்' என்று போட்டாலே போதும். மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாச்சியும் நம் பேராக்கின் பெலும்-தெமெங்கோர் காட்டில் இருக்கின்றன. மாநிலத்துக்கு அந்தப் பெருமை எப்படியும் கிடைக்கும்.

"நீயே கூண்டில் பறவை வளர்க்கிறாய், உனக்கு என்ன தகுதி?" என்று இதைப் படிக்கிற சிலர் கேட்பார்கள். நேரிலும் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் அப்பா லயத்து வாசலில் ஒரு மெர்போக் புறா வைத்திருந்தார். காட்டில் பிடித்தது. அது சாகும்வரை கம்பியில் அலகைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் காட்டில் பிடித்த பறவை எதையும் நான் வாங்குவதில்லை. ஜீப்ரா ஃபிஞ்சின் ஊர் ஆஸ்திரேலியா. அந்த நாடு தன் காட்டுப் பறவைகளை வாணிபத்துக்கு வெளியே அனுப்புவதை 1960 வாக்கிலேயே நிறுத்திவிட்டது. இன்று உலகம் முழுக்க வளர்ப்பவர்களிடம் இருப்பவை கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்தவற்றின் வாரிசுகள். பெங்காலீஸ் இன்னும் ஒரு படி மேலே, அது காட்டிலேயே கிடையாது. சில்லைக் குருவியை நூற்றாண்டுகளாக வளர்த்து ஜப்பானில் உண்டாக்கியது. இவற்றைத் திறந்துவிட்டால் பூனை வாயிலும் காக்கை வாயிலும்தான் போகும். வளர்ப்பதே தவறு என்று சொல்பவர்களின் மனதையும் நான் மதிக்கிறேன். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: என் கூண்டுக்காக எந்தக் காட்டிலும் ஒரு குருவி கூடக் குறையவில்லை.

வயலில் வலை போட்டுப் பிடித்த, மலாயில் பிப்பிட் எனப்படும் சில்லைக் குருவியைப் பைக்குள் கொண்டுவந்து, "இதையும் சேர்த்து விடுங்கண்ணே, ரெண்டு வெள்ளி கொடுங்க" என்று பையன்கள் வருவதுண்டு. நான் வாங்க மாட்டேன். பரிதாபப்பட்டு வாங்கிப் பறக்கவிட்டால் மறுநாள் பத்துக் குருவியோடு வருவான். உட்கார வைத்து மைலோ கலக்கிக் கொடுத்து, என் கூண்டில் குஞ்சு பொரித்திருப்பதைக் காட்டுவேன். இருவர் இப்போது கேமரா பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

அவர்களுக்குச் சொல்வதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசிக் கேமராவின் அமைப்பில் இடத்தைப் பதியும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வரை படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். புலனத்தில் (வாட்ஸ்அப்) படமாக அனுப்பினால் அந்த விவரம் போய்விடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே கூடப் போகும். ஆனால் இயந்திரம் காட்டிக்கொடுப்பதைவிடப் பின்னணி காட்டிக்கொடுப்பதுதான் அதிகம். என் காணொளியில் ஓரமாகப் பழைய பம்பு வீடு தெரிந்தது. நான் ஒரு வார்த்தை எழுதாமல் இருந்திருந்தாலும், இந்த வட்டாரத்தில் வளர்ந்தவனுக்கு அது போதும். கோயில் கோபுரம், பாலத்து எண், தோட்டத்துப் பலகை, எதுவும் படத்தில் வேண்டாம். கூடு தெரிய வேண்டும் என்று மறைத்திருக்கும் இலையை வெட்டாதீர்கள், அந்த இலைதான் வெயிலையும் பருந்தையும் தடுக்கிறது. குஞ்சு மேல் பிளாஷ் அடிக்காதீர்கள். பதிவு செய்த பாட்டைப் போட்டு அழைக்காதீர்கள்.

அப்புறம், காத்திருங்கள். நான் இப்போது கூட்டுப் படம் எதையும் குஞ்சு பறந்து ஒரு மாதம் ஆகும்வரை வெளியிடுவதில்லை. இருவாச்சி அதே பொந்துக்கு அடுத்த வருடமும் வரும் என்பதால் அதற்கு அப்போதும் இடம் சொல்ல மாட்டேன். "எங்கே ஐயா?" என்ற கேள்விக்குப் பதில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் போன்ற தளங்களே, பிடிபடும் ஆபத்துள்ள பறவை என்றால் இடத்தை மறைத்துத்தான் காட்டுகின்றன. ஐ-நேச்சுரலிஸ்ட் தளம், அருகிவரும் உயிர் என்றால் தானாகவே இடத்தை மங்கலாக்கிவிடும். அறிவியலுக்கு வேண்டியது ஆய்வாளர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எல்லாருக்கும் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆசிரியர் அவர்களே, படப் பக்கத்தை நிறுத்திவிடாதீர்கள். அதைப் பார்த்துத்தான் எங்கள் பிள்ளைகள் பறவைகளின் தமிழ்ப் பெயரைக் கற்றுக்கொள்கிறார்கள். கூடு, முட்டை, குஞ்சு இருக்கும் படம் வந்தால் மாநிலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாசகர் அனுப்பிய குறிப்பில் தோட்டம் இருந்தால் நீங்களே நீக்கிவிடுங்கள். சென்ற வாரப் படம் உங்கள் மின்பதிப்பிலும் இருக்கிறது. அந்த ஒரு வரியை இன்றே எடுத்துவிட முடியும். இந்தக் கடிதத்தில் எங்கள் ஆற்றின் பெயரை நான் எழுதாமல் விட்டதைக் கவனித்திருப்பீர்கள். எங்கேயோ இன்னொரு ஜோடி அங்கே மிஞ்சியிருக்கலாம் என்ற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்தத் தம்பியிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இனி கொஞ்ச நாள் மரத்தடிக்கு அவர் மட்டும், அதுவும் எட்ட நின்று, போய் வரட்டும். பொந்தின் மண் உடைந்து தாயும் குஞ்சும் வெளியே வந்த நாளை மட்டும் உங்கள் பக்கத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நான் ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்